கால் வேலி நிலமும் இறையியல் கல்லூரியும்

நான் படித்த இறையியல் கல்லூரியிலிருந்து போன மாதம் ஒரு கடிதம் வந்தது. அடுத்த பத்தாண்டுக்குத் திட்டம் போடுகிறார்களாம், பழைய மாணவர்கள் கருத்துச் சொல்ல வேண்டுமாம். கூடவே எட்டுப் பக்கக் கேள்வித்தாள். இணையவழிப் படிப்பு தொடங்கலாமா, புது விடுதிக்கு எத்தனை மாடி, ஆங்கிலத்தில் நடத்தும் பாடங்களைக் கூட்டலாமா என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். நான் ஊழியம் செய்வது மாகறலைச் சுற்றியுள்ள சிற்றூர்களில். மாகறல் என்றால் செய்யாறும் சம்பந்தர் பாடிய சிவன் கோயிலும்தான் பலருக்கு ஞாபகம் வரும். எங்கள் சபைகள் சின்னவை, பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகிற குடும்பங்கள். எட்டுப் பக்கத்தையும் இரண்டு முறை புரட்டினேன். அவர்களைப் பற்றி ஒரு கேள்வி இல்லை.

பட்டம் வாங்கி வந்த வருஷம் ஐப்பசியில் என் முதல் அடக்க ஆராதனை. மழை விட்டு விட்டுப் பெய்தது. உயிர்த்தெழுதலைப் பற்றி மூன்று குறிப்புகளோடு பிரசங்கம் தயாரித்திருந்தேன், கிரேக்கச் சொல் விளக்கம் வேறு. இரண்டாவது குறிப்பில் இருக்கும்போது குழி வெட்டிய பெரியவர் பக்கத்தில் வந்து, "ஐயா, குழில தண்ணி ஊறுது, சீக்கிரம் முடிங்க" என்றார். எனக்கு மூன்றாவது குறிப்பு பாக்கி இருந்தது. முடித்துவிட்டுத்தான் ஜெபித்தேன். இறக்கிய பெட்டி மிதந்தது. மூங்கிலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மண்ணைத் தள்ளினார்கள். இறந்தவரின் மகள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் ஜெபத்துக்குப் போனேன், டீ போட்டுக் கொடுத்தார். குடிக்க முடியவில்லை.

இப்போது விடுமுறைப் பயிற்சிக்கு என்னிடம் வரும் மாணவர்களை முதல் மூன்று ஞாயிறும் பிரசங்க பீடத்தில் ஏற்றுவதில்லை. பொழுது சாய்ந்து ஆட்கள் வேலையிலிருந்து திரும்பியதும் வீடு வீடாகப் போய் உட்காரச் சொல்வேன். எழுதி வைத்திருக்கும் பிரசங்கத்தை ஒரு பாட்டிக்குப் படித்துக் காட்ட வேண்டும். அவர் முகம் சுருங்குகிற இடத்தில் பென்சிலால் கோடு. சில தாள்களில் கடைசியில் மிஞ்சுவது வசனம் மட்டும்தான். அதுவே போதும் என்று பாட்டி சொன்னதும் உண்டு.

ஒரு மாணவனிடம் கேட்டேன்: "தம்பி, ஒரு குடும்பம் ஞானஸ்நானம் கேட்டு வந்தா அவங்ககிட்ட மொதல்ல என்ன சொல்லுவ?" விசுவாச அறிக்கையை விளக்கினான், நன்றாகவே விளக்கினான். பள்ளிக்கூடத்தில் படிக்கிற அவர்கள் பிள்ளையின் சாதிச் சான்று என்ன ஆகும் என்றேன். விழித்தான். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் வைத்தது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறியவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார்கள். பதிவேட்டைத் திறப்பதற்கு முன் ஆயருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? அவன் வயதில் எனக்கும் தெரியாது.

செமினரியின் எதிர்காலத்தை எங்கோ இருப்பவர்கள் தீர்மானித்த கதை ஒன்று தமிழர்களுக்குப் பழக்கம். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் 1823இல் தொடங்கிய செமினரி கணிதமும் வானியலும் தமிழும் ஆங்கிலமும் கற்பித்தது. பாஸ்டனிலிருந்த தலைமைச் சங்கத்தின் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன் நேரில் வந்து பார்த்தார். ஆங்கிலம் படித்தவர்கள் ஊழியத்துக்கு வராமல் அரசு வேலைக்குப் போகிறார்கள் என்பது குறை. 1855இல் மூடினார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவருமே அங்கே படித்தவர்கள். அவர்களில் ஒருவரான சி.வை. தாமோதரம் பிள்ளைதான் 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். ஊழியர்களை மட்டும் எண்ணிய கணக்கில் அவர் நஷ்டம். ஆனால் ஒன்றில் ஆண்டர்சன் பக்கம் நியாயம் இருக்கிறது. ஊருக்குப் போகிறவன் ஊர் மொழியில் படிக்க வேண்டும் என்றார். அதை அந்த ஊர்க்காரர்களிடமே கேட்டிருந்தால், செமினரியை மூடாமலே செய்திருக்கலாம்.

அதைச் செய்து பார்த்தவர்கள் நம்மிடமே இருக்கிறார்கள். தென்னிந்தியத் திருச்சபையும் லுத்தரன் சபைகளும் சேர்ந்து 1969இல் மதுரை அரசரடியில் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இறையியலைத் தமிழில் படிக்கலாம். அதன் மாணவர்கள் வளாகத்தை விட்டு வெளியேறி ஏழை மக்கள் குடியிருப்புகளில் தங்கியும் படித்தார்கள். அங்கே பாடம் நடத்திய தியாபிலஸ் அப்பாவு, எல்லாரும் அறிந்த 'பரட்டை', நாட்டுப்புற மெட்டுகளையே வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். எங்கள் சபையில் பறை அடிக்கத் தெரிந்த இளைஞர்கள் கோயிலுக்குள் கூச்சப்படாமல் உட்காருவது அந்த மாதிரிப் பாட்டு பாடுகிற ஞாயிறுகளில்தான்.

யார் உட்கார்ந்து முடிவெடுப்பது என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே பழைய விதி உண்டு. மாகறலிலிருந்து தெற்கே போனால் உத்திரமேரூர். குடத்தில் பெயர் ஓலை போட்டு ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் எடுத்ததைச் சொல்லும் பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன, 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. வாரியத்தில் உட்கார கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் சபைப் பிள்ளைகளின் முன்னோர் ஓலை அந்தக் குடத்துக்குள் விழுந்திருக்காது. கல்லூரியின் திட்டக் கமிட்டியும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கிறது, நிலத்துக்குப் பதில் முனைவர் பட்டம். அந்தக் கல்வெட்டில் எனக்குப் பிடித்த விதி வேறொன்று: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி இடமில்லை. எங்கள் அறுப்பின் பண்டிகையில் பூசணிக்காயும் கோழியும் ஏலம் போன கணக்கை அடுத்த ஞாயிறே வாசித்தாக வேண்டும். ஐம்பது ரூபாய் இடித்தால்கூட எழுந்து கேட்பார்கள். அனுப்பிய ஊர்களில் தன் பட்டதாரிகள் என்ன செய்தார்கள் என்ற கணக்கைக் கல்லூரி இதுவரை எங்களிடம் வாசித்ததில்லை.

கேள்வித்தாளை நிரப்பாமல் பின்பக்கத்தில் இதை எழுதி அனுப்பியிருக்கிறேன். அடுத்த கமிட்டிக் கூட்டத்தை இங்கே வையுங்கள். குழி வெட்டிய பெரியவர் இப்போது இல்லை, அவர் மகன் இருக்கிறார், அவரையும் உட்கார வைப்போம். காஞ்சிபுரத்தில் உத்திரமேரூர் பஸ் ஏறி மாகறல் என்று சொன்னால் இறக்கிவிடுவார்கள். ஐப்பசியில் வந்தால் நல்லது.