‘ஆக்சுவலி’யும் அம்மம்மாவும்



கனடாவில் உள்ள எமது இல்லத்திற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மம்மா வந்திருந்தார். "புட்டு அவிச்சிருக்கிறன், சாப்பிடுறியே பிள்ளை?" என்று அவர் கேட்டால், "ஆக்சுவலி, எனக்குப் பசிக்கேல்லை" என்பாள் எம் மகள். "வெளியிலை குளிர், தொப்பியைப் போடு" என்றால், "ஆக்சுவலி, இண்டைக்குக் குளிர் இல்லை" என்பாள். முதல் வாரம் அம்மம்மா சிரித்தார். பின்னர் மெல்ல மெல்லக் கேட்பதையே குறைத்துக்கொண்டார். ஓரிரவு எம்மிடம், "நான் எதைச் சொன்னாலும் பிள்ளை அந்தச் சொல்லோடைதான் தொடங்குறாள். நான் சொல்லுறதெல்லாம் பிழை எண்டுதானே அதுக்குக் கருத்து?" என்று வினவினார். உடனே விடை கூற எம்மால் இயலவில்லை.

அன்றுதான் அச்சொல்லை ஆராயத் தலைப்பட்டோம். ‘செயல்’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது அது. ஆக்டர், ஆக்‌ஷன் என்பன அதன் உறவினர். எண்ணத்தில் அன்றி நிகழ்வில் உள்ளது என்பதே அதன் அடிப்படைக் கருத்து. எம் பிள்ளைகள் பள்ளியிற் கற்கும் பிரெஞ்சு மொழியில் அதே குடும்பத்துச் சொல்லாகிய ‘ஆக்சுவெல்மான்’, ‘தற்போது’ என்று பொருள்படுவது வியப்பே! ஆங்கிலத்தில் ரியலி, ட்ரூலி, இன் ஃபாக்ட் என்பன அதற்கு அண்மையில் நிற்பவை. ஆயினும் அன்றாடப் பேச்சில் அவ்வொரு சொல் பல பணிகளை ஆற்றுகின்றது. பிறர் கூற்றைத் திருத்தும், மறுப்பை மென்மையாக்கும், வியப்பை உணர்த்தும், சில வேளைகளில் வெறுமனே பேச்சைத் தொடக்கி வைக்கும். புட்டு வேண்டாம் என்றபோது மகளின் வாயில் அது மென்மைக்காகவே வந்தது. அம்மம்மாவின் செவியிலோ அது திருத்தமாக விழுந்தது.

தமிழில் இதற்குச் சொற்பஞ்சமா? உண்மையில், மெய்யாக, உள்ளபடி, நிசமாக எனப் பல உள. உள்ளத்தோடு உண்மையையும், வாயோடு வாய்மையையும், மெய்யாகிய உடம்போடு மெய்மையையும் இணைத்துக் காண்பது நம் மரபு. திருக்குறளின் 30ஆம் அதிகாரம் ‘வாய்மை’ என்றே பெயர் பெற்றுள்ளது. தனிச்சொல் இன்றியும் இப்பொருளை உணர்த்தத் தமிழால் இயலும். நன்னூல் ஏகாரத்திற்குக் கூறும் 6 பொருள்களுள் ஒன்று தேற்றம், அதாவது உறுதி. "நான் சாப்பிட்டேனே!" என்னும்போது ஈற்றிலுள்ள ஏகாரமே அப்பணியைச் செய்துவிடுகின்றது. மறுப்பை மென்மையாக்கவோ முறைப்பெயர் ஒன்றே போதும். "இப்ப வேண்டாம் அம்மம்மா" என்பதில் வரும் ‘அம்மம்மா’ என்னும் விளியிலேயே அன்பும் பணிவும் அடங்கிவிடுகின்றன.

இவற்றையெல்லாம் மகளிடம் எடுத்துரைத்தோம். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நேற்று மாமாவோடை போனிலை கதைக்கேக்கை நீங்கள் 11 தரம் ‘ஆக்சுவலி’ சொன்னீங்கள். நான் எண்ணினனான்" என்றாள். நாம் தலைகுனிந்தோம். தமிழ் வாக்கியத்தின் தலையில் அச்சொல்லை வைக்கக் கற்பித்தது அவளது பள்ளியன்று, எமது நாவே.

மறுநாட் காலை அம்மம்மா வழமைபோலன்றிச் சற்றுத் தயங்கியே புட்டுத் தட்டை நீட்டினார். "இப்ப வேண்டாம் அம்மம்மா, பள்ளிக்கூடத்தாலை வந்து சாப்பிடுறன்" என்றாள் மகள்.

"மெய்யே?"

"மெய்யாத்தான்!"

அன்று மாலை மகள் வரும்வரை, புட்டை மூடி வைத்துக்கொண்டு யன்னலருகே அமர்ந்திருந்தார் அம்மம்மா.

ஆங்கிலச் சொல்லை ஆங்கிலத்தில் வழங்குவது குற்றமன்று. அது அங்கே அழகாகவே பணியாற்றுகின்றது. ஆனால், நம் மூத்தோருடன் உரையாடும்போது அவர்தம் செவிக்குப் பழகிய சொல்லே உள்ளத்தைச் சென்றடையும். எனவே பெற்றோர்களே, இவ்விழா முடிந்து வீடு திரும்பும் வழியில், நமது வாக்கியங்கள் எச்சொல்லோடு தொடங்குகின்றன என்பதை நம் பிள்ளைகளையே எண்ணச் சொல்வோமாக!