அந்தமான் கடலில் தவளை உதை

கொல்கத்தாவிலிருந்து விமானத்தில் புறப்பட்டால் இரண்டு மணி நேரத்திற்குச் சற்று மேலாகும் பொழுதில் அந்தமானின் தலைநகரை அடைந்துவிடலாம். போர்ட் பிளேர் என்று நாம் அறிந்திருந்த அந்நகர், 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றுள்ளது. அங்கிருந்து கப்பலில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் சென்றால் ஹேவ்லாக் தீவு; அதற்கும் 2018இல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். கோவிந்த நகர், விஜய நகர், ராதா நகர் என்ற அதன் சிற்றூர்களில், பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் மரபினர் வாழ்கின்றனர். கொல்கத்தாவில் பிறந்து வளர்ந்த என் மகள் இறங்கிய உடனே கடைக்காரரிடம் வங்காளியில் பேரம் பேசத் தொடங்கிவிட்டாள்.

நாங்கள் சென்றது ஸ்கூபா என்னும் நீர்மூழ்கும் கலையைக் கற்பதற்காக. ஐம்பது வயதைக் கடந்த எனக்கு இது வேண்டாத வேலை என்று வீட்டில் எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. ஆயினும் மருத்துவர் சோதித்து ஒப்புதல் அளித்துவிட்டார். மேலும், சிறுவயதில் ஊர்க் கிணற்றில் குதித்து நீந்தியவனுக்குக் கடல் என்ன செய்துவிடும் என்ற இறுமாப்பும் எனக்கு இருந்தது.

அந்த இறுமாப்பு முதல் நாளே கரைந்தது. முதுகில் காற்றுச் சிலிண்டர், வாயில் ரெகுலேட்டர், காலில் நீண்ட ரப்பர்த் துடுப்புகள். ஆறேழு மீட்டர் ஆழத்தில் மிதிவண்டி மிதிப்பவனைப் போல் முழங்காலை மடக்கி மடக்கி உதைத்தேன். கீழே இருந்த மணல் புகையாக எழுந்தது. திரும்ப முயன்றபோது துடுப்பு எதிலோ மோதியது. மான்கொம்பு போல் கிளைத்திருந்த பவளத்தின் ஒரு கிளை முறிந்து மணலில் விழுந்தது. முறிந்த இடம் வெள்ளை வெளேரென்று தெரிந்தது. கரையேறியபின் காற்றளவைப் பார்த்தோம். இருநூறு பாரில் தொடங்கியது எனக்கு ஐம்பதாகக் குறைந்திருந்தது. மகளுக்கோ நூற்றுக்கு மேல் எஞ்சியிருந்தது.

எங்கள் ஆசிரியர் அந்தத் தீவுகளிலேயே பிறந்த தமிழ் இளைஞர். அவருடைய பாட்டனார் இராமநாதபுரத்திலிருந்து வந்தவராம். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை.

“ஐயா, கிணற்றில் நீச்சல் பழகினீர்களோ?” என்று கேட்டார்.

“எப்படித் தெரிந்தது?”

“கால் சொல்கிறது. கிணற்றில் மிதப்பதற்காக உதைப்போம். இங்கே மிதப்பதற்குக் காற்றுச் சட்டை இருக்கிறது. கால் முன்னே செல்வதற்கு மட்டுமே.” பிறகு மெல்லச் சொன்னார்: “2010இல் கடல் சூடேறி இங்கே பவளங்கள் வெளுத்து மடிந்தன. இப்போது நீங்கள் பார்ப்பவற்றில் பல அதன்பின் துளிர்த்தவை. மான்கொம்புப் பவளம் நன்றாக வளர்ந்தாலும் ஆண்டுக்கு ஒரு சாண்கூட வராது.”

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் ஒடித்தது ஒரு சாணுக்கும் மேலே இருக்கும். 2001 முதல் பவளங்களுக்கு வனவிலங்குச் சட்டத்தில் புலிக்கு நிகரான பாதுகாப்பு உண்டு என்பதையும் அப்போதுதான் அறிந்தேன்.

மறுநாள் பாடம் தண்ணீரில் தொடங்கவில்லை. ஒரு மரப்பலகையில் தொடங்கியது. என்னைக் குப்புறப் படுக்க வைத்து, தொடைகளை உடலோடு நேராக வைத்து, முழங்கால்களை மட்டும் மடக்கி, பாதங்களை மேலே நிறுத்தச் சொன்னார். உள்ளங்கால்களை வெளிப்புறம் திருப்ப வேண்டும்; ஒரு வட்டம் வரைந்து இரண்டையும் கைகூப்புவது போல் ஒன்றுசேர்க்க வேண்டும். பிறகு அசையாமல் வழுக்கிச் செல்ல வேண்டும். இதுவே தவளை உதை. “அப்பா, உண்மையிலேயே தவளைதான்!” என்று மகள் சிரித்தாள்.

இதன் பயன் எளிது. மேலும் கீழுமாக உதைத்தால் நீர் கீழே தள்ளப்பட்டு மணலைக் கிளப்பும். தவளை உதையில் நீர் நேரே பின்னால் செல்லும். துடுப்பும் தரைக்கு மேலே உயர்ந்தே இருக்கும். உதைக்கும் உதைக்கும் இடையே ஓய்வு இருப்பதால் மூச்சும் மிச்சமாகும். பத்து மீட்டர் ஆழத்தில் நீர்மட்டத்தைப்போல் இருமடங்கு அழுத்தம். ஒவ்வொரு மூச்சும் இருமடங்கு காற்றை விழுங்கும். ஆதலால் இந்த ஓய்வு சிறிய ஆதாயமன்று.

நம் மன்னார்க் கடலின் முத்துக்குளிப்போர் கல்லைப் பற்றிக்கொண்டு இறங்கி, கயிற்றைப் பற்றி ஏறினர். துடுப்பு அவர்கள் அறியாதது. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி கொர்லியே 1933இல் நீச்சல் துடுப்புக்கு உரிமம் பெற்றார். 1943இல் குஸ்தோவும் காஞானும் மூச்சுக் கருவியை உருவாக்கினர். பின்னர் ஃபிளோரிடாவின் நீரடிக் குகைகளில் புகுந்தவர்களுக்குக் கால் உதையே உயிர்ப் பிரச்சினை ஆயிற்று. வண்டல் கிளம்பினால் வெளிவரும் வழி மறையும். வழி மறைந்தால் உயிர் போகும். அத்தகைய இடங்களில் செம்மைப்பட்டவையே தவளை உதையும், நின்ற இடத்திலேயே சுழலும் ஹெலிகாப்டர்த் திருப்பமும், பின்னோக்கிச் செல்லும் பின்னுதையும்.

பின்னுதைதான் கடினம். நீட்டிய காலின் துடுப்பு விளிம்பால் நீரை வாரித் தன்பக்கம் இழுக்க வேண்டும். இரண்டு நாள் முயன்றும் நான் பின்னே செல்லவில்லை. சில வேளைகளில் முன்னேதான் சென்றேன்! பலருக்கு மாதக்கணக்கில் ஆகும் என்று ஆசிரியர் தேற்றினார்.

நான்காம் நாள், பதினான்கு மீட்டர் ஆழத்தில் ஓர் ஆமையைக் கண்டு நின்றோம். அப்போது நீரோட்டம் என்னை ஒரு பவளப் புதர்மேல் தள்ளியது. கையை நீட்டி அதைப் பற்றிக்கொள்ளத்தான் மனம் விரைந்தது. கைகளைக் கட்டிக்கொண்டு, மூச்சைச் சீராக்கி, பின்னுதையை முயன்றேன். நகர்ந்தது ஒரு முழம் இருக்கலாம். அது போதுமாயிருந்தது, புதர் தப்பியது. ஆசிரியர் விரல்களால் ‘நன்று’ எனக் காட்டினார். ஆமை எங்களைப் பொருட்படுத்தாமல் மேய்ந்துகொண்டிருந்தது.

விடுமுறைக்கு அந்தமான் செல்லக் கருதும் சங்க அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாள் ஒன்று கூடுதலாக ஒதுக்குங்கள்; மீனைக் காட்டச் சொல்லுமுன் காலைப் பழக்கித் தரச் சொல்லுங்கள். பிள்ளைகளைப் புறப்படுமுன்பே உள்ளூர் நீச்சல் குளத்தில் தவளை நீச்சல் பழகச் செய்யுங்கள். நான் ஒடித்த கிளையை என்னால் ஒட்ட முடியாது. அதற்கு அடுத்த கிளையேனும் உங்கள் பிள்ளைகள் காண நிற்கட்டும் என்றே இதை எழுதினேன்.