பாலத்து ஊரும் பள்ளிப் பிள்ளைகளும்

நாட்டுப் படத்திலே அந்த ஊரைத் தேடி நம் விரல் வெகுநேரம் அலைந்தது. அமெரிக்காவின் தென்கோடி, லூசியானா மாநிலம், டெஷ் என்னும் சோம்பல் ஆறு வளைந்து நெளிந்து செல்லும் கரை. அங்கேதான் இருக்கிறது ப்ரோ பிரிட்ஜ். மக்கள் தொகை ஏறத்தாழ 7,500. நகக்கண்ணுக்கு அடியில் மறைந்துவிடும் ஊர்!

1755-ஆம் ஆண்டு. இன்று கனடாவில் நோவா ஸ்கோஷியா எனப்படும் நிலத்திலே அகாடியர் என்ற பிரெஞ்சு உழவர் வாழ்ந்தனர். நிபந்தனையின்றி எம் மன்னனுக்கு அடங்குவதாக உறுதிமொழி கூறு என்றது பிரிட்டிஷ் ஆட்சி. மறுத்தனர். வீடுகள் எரிந்தன; கப்பலேற்றப்பட்டனர்; உற்றாரைப் பிரிந்து உலகெங்கும் சிதறினர். அவருள் ஒரு பகுதியினர் ஒதுங்கிய கரை தென் லூசியானா. அகாடியன் என்ற சொல்லே தேய்ந்து கேஜன் ஆயிற்று.

ஃபிர்மின் ப்ரோ என்ற அகாடியர் 1799-இல் ஆற்றின் குறுக்கே நடைபாலம் ஒன்று அமைத்தார். ஊருக்குப் பெயர் வந்தது அதனால்தான். 1829-இல் அதைத் திட்டமிட்ட நகராக்கி வரைந்தவர் ஸ்கோலஸ்டிக் ப்ரோ. ஆம், ஒரு பெண்!

துரத்தப்பட்டோர் எல்லாம் தூயோர் என்று நாம் எழுதப் போவதில்லை. அகாடியரின் வழிவந்தோருள் வசதி பெற்றவர்கள் கறுப்பின மக்களை அடிமைகளாக வாங்கினர். அந்த அடிமைகளின் வியர்வையிலே விளைந்தது அவ்வட்டாரத்துக் கரும்பு. அவர்கள் நாவிலே வளர்ந்த கிரியோல் மொழியை இன்றும் அவ்வூர் முதியோர் சிலர், கறுப்பரும் வெள்ளையரும், பேசுகின்றனர். தோல் பிரித்ததை மொழி பிரிக்கவில்லை, விந்தைதான்!

1921-இல் வந்தது அடுத்த அடி. பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்றது மாநில அரசியல் சட்டம். வீட்டிலே பிரெஞ்சு மட்டுமே கேட்டு வளர்ந்த குழந்தை, ஒரு சொல் வாய் தவறினாலும் தண்டனை. "பள்ளி வளாகத்தில் பிரெஞ்சு பேசமாட்டேன்" என்று திரும்பத் திரும்ப எழுத வேண்டும். வெளியே செல்ல ஆங்கிலத்தில் அனுமதி கேட்கத் தெரியாமல், இருந்த இடத்திலேயே ஆடை நனைத்துக்கொண்ட பிள்ளைகள் உண்டு. தண்டித்த ஆசிரியர்களிலும் பலர் கேஜன்களே! வீடு திரும்பியதும் அவர்கள் தாயிடம் எந்த மொழியில் பேசியிருப்பார்கள்?

விளைவு? அடிபட்ட தலைமுறை தன் பிள்ளைகளுக்கு அம்மொழியைத் தரவே அஞ்சியது. 1968-இல் பிரெஞ்சு வளர்ச்சிக்கென மாநிலமே ஒரு மன்றம் அமைத்தபோது, தாத்தாவோடு பேச இயலாத பேரர்கள் ஊரெங்கும் இருந்தனர்.

சேற்று இறாலின் கதை வேறு. ஏழை வீட்டு உணவென்று ஏளனம் செய்யப்பட்ட அதை முன்வைத்தே 1959-இல் மாநிலச் சட்டமன்றம் அவ்வூரை உலகத் தலைநகர் என்று அறிவித்தது. இன்று அதற்கு விழா, மேளம், கூட்டம்! வயிற்றுக்குப் போவதைக் கொண்டாடுவது எளிது.

இதைப் படித்த இரவு நமக்கு உறக்கமில்லை. நாமும் ஆசிரியர்தாமே! ஆங்கில வகுப்பிலே தாய்மொழியில் ஏதோ சொல்லத் தொடங்கிய சிறுவனை, வாக்கியத்தை முடிக்கவிடாமல் வாசலில் நிறுத்தியிருந்தோம். மறுநாள் அவனை அழைத்து, "அன்று என்ன சொல்ல வந்தாய், தம்பி?" என்றோம்.

"மறந்துவிட்டது, ஐயா" என்றான்.