அண்ணே, செல்ஃப் எடுக்குதா?

கொழுக்குமலைக்குப் போயிருக்கீங்களா பாஸ்? இருப்பது தேனி மாவட்டம். ஜீப் ஏறுவதோ கேரளாவின் சூரியநெல்லியில். கல்லும் குழியுமான பாதை. ஃபோர் வீல் டிரைவ் ஜீப்தான் கதி!

பழைய ஜீப்பா? டிரைவர் இறக்கம் பார்த்துத்தான் நிறுத்துவார். செல்ஃப் எடுக்கலைன்னா உருட்டிவிட்டு, செகண்ட் கியரில் கிளட்ச்சை விட்டா 'டுர்ர்ர்'!

ஆனா, சேற்றில் நின்னுட்டா? மலை மேல யாருக்காவது நடுராத்திரி உடம்பு முடியலைன்னா அந்த ஜீப்தானே ஆம்புலன்ஸ்!

சாவியைத் திருப்பினா 'டொக்'னு சத்தம் மட்டும் வருதா? ஹெட்லைட்டைப் போட்டுட்டு மறுபடி திருப்புங்க. வெளிச்சம் செத்துப்போனா பெரும்பாலும் பேட்டரி வீக், இல்லைன்னா டெர்மினலில் அரிப்பு. பளிச்னு எரிஞ்சும் மோட்டார் சுத்தலையா? கோளாறு செல்ஃப் மோட்டார் பக்கம்.

பேட்டரி வயரைக் கழற்றிட்டு மோட்டாரை இறக்கணும். பல நேரம் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ஞ்சு, கம்யூட்டேட்டர் கறுத்துக் கிடக்கும். பிரஷ்ஷை மாத்தி, நைஸ் உப்புத்தாளால் கறுப்பைத் தேய்ச்சு எடுத்தா, கிழட்டு மோட்டாரும் விர்ர்ருனு சுத்தும். ஸ்பேனரால் ரெண்டு தட்டு தட்டுறது முதலுதவிதான், வைத்தியம் இல்லை!

அடுத்த முறை மலை ஏறும்போது, வாடகை பேசுறதுக்கு முன்னாடி கேட்டுடுங்க... "அண்ணே, செல்ஃப் எடுக்குதா?"