லுமுட்டில் உறங்கிப்போன கார்

லுமுட் படகுத்துறைக்குப் போனால், படகைத் தேடுவதற்கு முன் கார் நிறுத்த இடம் தேட வேண்டும். பங்கோர் தீவுக்குப் போகும் பயணிகள் படகில் காரை ஏற்ற முடியாது. அதனால் துறையைச் சுற்றிலும் நாள் கணக்கில் கார்களை நிறுத்திவைக்கும் இடங்கள் இருக்கின்றன. ஒரு நாளுக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொண்டு சீட்டுக் கிழித்துக் கொடுப்பார்கள். நாம் பையைத் தூக்கிக்கொண்டு படகேறிவிடுவோம். கார் வெயிலில் காத்திருக்கும்.

சென்ற ஆண்டு அப்படித்தான் என் மின்சாரக் காரை அங்கே விட்டுவிட்டு, அம்மாவுடன் பங்கோருக்குப் போனேன்.

அம்மாவுக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. பிறந்தது பங்கோரில். தாத்தா அங்கே நெத்திலி காயவைக்கும் கொட்டகை ஒன்றில் வேலை பார்த்தவர். அம்மாவுக்குப் பன்னிரண்டு வயதானபோது குடும்பம் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துக்கு வந்துவிட்டது. அதன் பிறகு மாசி மகத்துக்கு இரண்டு முறை போனதோடு சரி. "கூட்டம் இல்லாத நாள்ல ஒருதடவ போய்ப் பார்த்துட்டு வந்துடணும் தம்பி" என்று பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கிள்ளானில் இருக்கிறேன். வேலை, பிள்ளைகளின் பரீட்சை என்று ஒவ்வொரு வருடமும் தள்ளிப்போனது. ஒரு வழியாக ஐந்து நாள் விடுப்பு எடுத்தேன்.

சுங்கை சிப்புட்டில் அம்மாவை ஏற்றிக்கொண்டு, ஈப்போவில் சார்ஜ் போட்டுக்கொண்டு, சித்தியவான் வழியாக லுமுட் போய்ச் சேர்ந்தபோது பேட்டரி 72 விழுக்காடு காட்டியது. திரும்பி வருவதற்குத் தாராளம். நிம்மதியாகப் பூட்டிவிட்டுப் படகேறினோம்.

லுமுட்டிலிருந்து பங்கோருக்கு அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். முதலில் வருவது சுங்கை பினாங் கெச்சில். அடுத்தது பங்கோர் பட்டணம். மரக்கால்களின் மேல் நிற்கும் வீடுகள், படகு கட்டும் கொட்டகைகள், காற்றில் கருவாட்டு வாசம். அம்மா படகின் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டே வந்தார். தீவில் வாடகை வேன்கள் எல்லாம் இளஞ்சிவப்பு நிறம். அதில் ஒன்றைப் பிடித்து, மேற்குக் கரையில் பாசிர் போகாக்கில் ஒரு சிறிய விடுதியில் தங்கினோம்.

மறுநாள் காலை பத்திரகாளியம்மன் கோயில். கடலைப் பார்த்து நிற்கும் கோயில் அது. மாசி மகத்தன்று கால் வைக்க இடமிருக்காது. நாங்கள் போன அன்று எங்களையும் அர்ச்சகரையும் தவிர இரண்டு பேர்தான். அம்மா வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில் நான் கைத்தொலைபேசியை எடுத்துக் காரைப் பார்த்தேன்.

காரின் செயலியைத் திறந்தால் கார் எங்கே நிற்கிறது, கதவு பூட்டியிருக்கிறதா, உள்ளே எத்தனை டிகிரி சூடு, எவ்வளவு சார்ஜ் இருக்கிறது, எல்லாம் தெரியும். வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தாலும் அந்த வசதி எனக்குச் சலிக்கவில்லை. தெரியாத இடத்தில் விட்டுவந்த கார். கண்ணாடியில் பொருத்திய கேமராவும், நிறுத்திய பிறகும் படம் பிடிக்கும் விதத்தில் ஓடிக்கொண்டிருந்தது. 72 விழுக்காடு. பூட்டியிருக்கிறது. நல்லது.

அன்று மாலை தெலுக் நீப்பாவில் இருவாட்சிப் பறவைகள் தாழப் பறந்து வந்து கம்பியில் உட்கார்ந்தன. அம்மா குழந்தை மாதிரி கைகொட்டினார். நான் அதையும் பார்த்தேன், காரையும் பார்த்தேன். 71 விழுக்காடு.

மூன்றாம் நாள் தெலுக் கெடுங்கில் உள்ள டச்சுக் கோட்டைக்குப் போனோம். பேராக்கின் ஈயத்தைச் சேர்த்துவைக்க 1670இல் டச்சுக்காரர்கள் கட்டியது. 1690இல் உள்ளூர் மக்கள் தாக்கி அழித்தார்கள். 1743இல் மறுபடியும் எடுத்துக் கட்டி, அறுபது படைவீரர்களைக் காவலுக்கு வைத்தார்கள். ஐந்தே ஆண்டுகளில் அதையும் கைவிட்டுப் போய்விட்டார்கள். இப்போது கூரையில்லாத நான்கு செங்கல் சுவர்கள்தான் மிச்சம். "ஈயத்தை வச்சிக் காத்ததைவிட காவக்காரனுக்குச் சோறு போட்டதுதான் அதிகமா ஆயிருக்கும்" என்றார் அம்மா. சிரித்தேன். அது எனக்கும் பொருந்தும் என்று அப்போது தோன்றவில்லை.

இந்தத் தீவை ஒட்டிய கடலில், புளூட்டோ என்ற கப்பலில், 1874ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் தேதி கையெழுத்தான பங்கோர் ஒப்பந்தம்தான் பேராக்கில் ஆங்கிலேய ரெசிடெண்டை உட்காரவைத்தது. பின்னாளில் ரப்பர்த் தோட்டங்கள் வந்ததும், நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் பால் மரம் வெட்ட வந்ததும் அந்த ஆட்சியின் கீழ்தான். தாத்தாவின் அப்பாவும் அப்படிக் கப்பலேறி வந்தவர்.

கோட்டையிலிருந்து திரும்பும் வழியில் அம்மா வேனை நிறுத்தச் சொன்னார். சாலைக்கும் கடலுக்கும் இடையில் தென்னை மரங்களும் புதரும் நிறைந்த ஒரு துண்டு நிலம். "இங்கதான்டா எங்க வீடு இருந்திச்சி. அந்த மரத்துக்கு இந்தப் பக்கம். கிணறு அங்க" என்று கையை நீட்டிக் காட்டிப் பேசிக்கொண்டே போனார். அந்த நேரம் பார்த்து என் செயலி சுற்றிக்கொண்டே இருந்தது. காருடன் தொடர்பு கிடைக்கவில்லை. நான் திரையைத் தேய்த்துக்கொண்டே "ம்... ம்..." என்றேன். தொடர்பு கிடைத்து நிமிர்ந்தபோது அம்மா வேனில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

நான்காம் நாள் காலையிலிருந்து செயலி அடியோடு பேசாமல் போய்விட்டது. தீவில் அலைவரிசை சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்து, கடற்கரையில் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அங்குமிங்கும் நடந்தேன்.

ஐந்தாம் நாள் நண்பகல் லுமுட்டில் இறங்கினோம். காரின் அருகில் போய்ச் சாவியை அமுக்கினேன். அசைவில்லை. கைப்பிடியை இழுத்தேன். திறக்கவில்லை. 71 விழுக்காடு மின்சாரம் உள்ள கார், செத்த மாடு மாதிரி கிடந்தது.

சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை உருவிக் கதவைத் திறந்தேன். உள்ளே அடுப்பு மாதிரிச் சூடு. பொத்தானை அமுக்கினால் ஒரு விளக்கும் எரியவில்லை. காப்புறுதி நிறுவனத்தின் அவசர உதவிக்கு அழைத்தேன். இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். அம்மாவைக் காவலர் கொட்டகையின் நிழலில் உட்காரவைத்தேன். வெயிலில் அவர் முகம் வாடத் தொடங்கியிருந்தது.

அங்கே காவலுக்கு இருந்தவர் நம்மவர். அறுபது வயதிருக்கும். தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவராம். அம்மாவுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்துவிட்டுக் காரைச் சுற்றி வந்தார்.

"பேட்டரி வீக் ஆயிருச்சி தம்பி."

"இல்லண்ணே, எழுபத்தொண்ணு விழுக்காடு இருந்திச்சி. நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்."

"அது பெரிய பேட்டரி. நான் சொல்றது சின்னது."

அவர் சொன்னது சரி. மின்சாரக் காரில் இரண்டு பேட்டரிகள் உண்டு. சக்கரத்தைச் சுழற்றும் பெரிய பேட்டரி பல நூறு வோல்ட் கொண்டது. ஆபத்தானது என்பதால், காரை அணைத்தவுடன் அதன் இணைப்பு தானாகத் துண்டிக்கப்பட்டுவிடும். அதன் பிறகு கதவுப் பூட்டு, எச்சரிக்கை மணி, செயலியோடு பேசும் கருவி எல்லாவற்றையும் தாங்குவது, பெட்ரோல் காரில் இருப்பது போன்ற ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரிதான். பெரிய பேட்டரியை மறுபடி இணைக்கும் விசைக்கும் இந்தச் சின்னதுதான் சக்தி கொடுக்க வேண்டும். சின்னது தீர்ந்தால், பெரியதில் எவ்வளவு இருந்தாலும் கார் எழுந்திருக்காது. செயலி காட்டிய 71, பெரியதன் கணக்கு. சின்னதன் கணக்கை அது எனக்குக் காட்டவே இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நல்ல நிலையில் உறங்கும் கார் 50 மில்லி ஆம்பியர் அளவுக்கு இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. 45 ஆம்பியர்-மணி கொண்ட புதுப் பேட்டரி ஒரு மாதம் தாங்கும். அதோடு 250 மில்லி ஆம்பியர் இழுக்கும் ஒரு கேமராவைச் சேருங்கள். நாளுக்கு 7.2 ஆகிவிடும். நம் நாட்டு வெயிலில் மூன்று ஆண்டுகள் கிடந்து பாதி பலம் இழந்த பேட்டரி என்றால், மூன்று நாள்தான். இது போதாதென்று, செயலியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் உறங்கும் கார் விழித்துக்கொள்ளும். அதன் கணினிகள் மறுபடி உறங்கச் சில நிமிடங்கள் பிடிக்கும். அதுவரை பல மடங்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை எழுப்பினேன் என்று எனக்கே கணக்கில்லை.

சில கார்கள் நிறுத்தியிருக்கும்போதே பெரிய பேட்டரியிலிருந்து சின்னதை அவ்வப்போது நிரப்பிக்கொள்ளும். எல்லாக் கார்களும் அப்படிச் செய்வதில்லை. பெட்ரோல் காரில் பேட்டரி தளர்ந்தால், காலையில் எஞ்சின் முக்கி முனகி நமக்கு முன்கூட்டியே சொல்லிவிடும். மின்சாரக் காரில் சுழற்ற எஞ்சின் இல்லை. அதனால் அந்த முனகல் இல்லை. கடைசி நாள் வரை எல்லாம் சரியாகவே இருக்கும்.

காவலர் அண்ணன் கொட்டகைக்குள் போய், சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு கருவியைக் கொண்டுவந்தார். தீவுக்குப் போய்த் திரும்புகிறவர்களின் கார்கள் அடிக்கடி இப்படிப் படுத்துவிடுவதால் கைக்காசு போட்டு வாங்கி வைத்திருக்கிறாராம். மின்சாரக் காருக்கு அதுவரை போட்டதில்லை. நான் காரின் கையேட்டைப் பார்த்து எந்த இடத்தில் மாட்டுவது என்று வாசித்தேன். "ஆரஞ்சு வயர் பக்கம் கையே வைக்காதீங்க தம்பி" என்றார் அவர். பெரிய பேட்டரியின் வயர்கள் அந்த நிறத்தில்தான் வரும். சிவப்புக் கவ்வியைச் சின்னப் பேட்டரியின் நேர்முனையில் மாட்டினோம். கறுப்பை, கையேடு காட்டிய இரும்புப் பாகத்தில் மாட்டினோம்.

பொத்தானை அமுக்கினேன். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். பெரிய பேட்டரி இணைந்துவிட்டது. திரை எரிந்தது. 71 விழுக்காடு. எஞ்சினைச் சுழற்றும் வேலை இல்லாததால் அந்தச் சின்ன டப்பாவின் பலமே போதுமானதாக இருந்தது. அண்ணன் காசு வாங்க மறுத்துவிட்டார். அம்மா தீவில் வாங்கிய நெத்திலிப் பொட்டலத்தில் ஒன்றை அவர் கையில் திணித்தார்.

சித்தியவானைத் தாண்டும் வரை அம்மா பேசவில்லை. பிறகு மெல்லக் கேட்டார்: "அப்ப, நீ பார்த்துப் பார்த்துத்தான் அது செத்துப்போச்சா?"

"கேமராவும் சேர்ந்துதாம்மா."

"அஞ்சு நாளா என் மூஞ்சியப் பார்த்ததவிட அதத்தான் அதிகமாப் பார்த்த."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சற்று நேரம் கழித்து, "அம்மா, அந்த வீடு எந்த மரத்துக்குப் பக்கத்துல இருந்திச்சின்னு சொன்னீங்க?" என்று கேட்டேன். "அங்க நின்னு காட்டினாத்தான் தெரியும். இங்கேருந்து எப்படிச் சொல்றது?" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாளே ஈப்போவில் ஒரு பட்டறையில் சின்னப் பேட்டரியைச் சோதித்து மாற்றினேன். முந்நூறு வெள்ளியைத் தாண்டவில்லை.

தீவுக்கோ ஊருக்கோ போகிறவர்கள், மின்சாரக் காரைச் சில நாட்கள் நிறுத்திவைப்பதாக இருந்தால், இவற்றைச் செய்துவிட்டுப் போங்கள். கேமராவையும், காரின் சொந்தக் காவல் முறையையும் அணைத்துவிடுங்கள். செயலியைத் தொடாதீர்கள். இரும்புச் சாவி எங்கே இருக்கிறது, சின்னப் பேட்டரியை எங்கே எட்டலாம் என்பதைக் கையேட்டில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரிக்கு இரண்டு மூன்று வயதானால் பட்டறையில் சோதித்துவிடுங்கள். சிறிய உயிரூட்டும் கருவி வாங்கினால் அதைப் பின்பெட்டிக்குள் வைக்காதீர்கள். பல கார்களில் பின்கதவு மின்சாரத்தில்தான் திறக்கும். இன்னொருவர் காருக்கு உங்கள் மின்சாரக் காரிலிருந்து உயிர் கொடுக்கவும் போகாதீர்கள்; பல தயாரிப்பாளர்கள் அதைக் கூடாதென்றே சொல்கிறார்கள்.

அம்மாவுக்கு இப்போது முழங்கால் வலி அதிகமாகிவிட்டது. படகிலிருந்து துறைக்குக் கால் தூக்கி வைப்பது சிரமம். இருந்தாலும் அடுத்த மாதம் ஒரு நாளைக் குறித்துவிட்டோம். கேமராவின் வயரைக் கழற்றியாகிவிட்டது. செயலியையும் அழித்துவிட்டேன். லுமுட்டில் அதே அண்ணனின் இடத்தில்தான் காரை விடப்போகிறேன்.

இந்த முறை அம்மா கையை நீட்டிக் காட்டும்போது நான் அந்தத் தென்னை மரத்தைப் பார்க்க வேண்டும்.