திராட்சை இரசத்தின் விலை

கல்லறைத் திருநாள் முடிந்த மறுநாள் பரணிலிருந்து பீங்கான் ஜாடி கீழே இறங்கும். எங்கள் இல்லத்தில் கிறிஸ்து பிறப்பு விழாவின் முதல் அறிகுறி அதுதான். விண்மீன் கட்டுவதும் குடில் அமைப்பதும் அதற்குப் பின் வருபவை. திருவருகைக் காலத்தின் முதல் மெழுகுதிரி ஏற்றப்படுமுன்பே, எங்கள் சமையலறையின் இருண்ட மூலையில் திராட்சை பொங்கத் தொடங்கியிருக்கும். தமிழகக் கத்தோலிக்க இல்லங்கள் பலவற்றுக்கு இது புதிய செய்தியன்று. ஆயினும் அந்த ஜாடியைப் பற்றி நாம் மனம்விட்டுப் பேசியதில்லை. இப்போதாவது பேச வேண்டும் என்று தோன்றுகிறது.

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையே அம்மாவின் தேர்வு. 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற இத்திராட்சையை, 1832இல் பிரெஞ்சு நாட்டுக் குருவானவர் ஒருவர் தமிழகத்திற்குக் கொண்டுவந்தார் என்பர். ஐந்து கிலோ பழத்தைக் காம்பு நீக்கிக் கழுவி, துணியில் பரப்பி ஈரம் போக்கி, மர மத்தால் மசிப்போம். அதனுடன் சர்க்கரை, கொதிக்கவைத்து ஆறிய நீர், ஒரு பிடி கோதுமை, சிறிது பட்டை, கிராம்பு, ஒரு கரண்டி ஈஸ்ட் ஆகியன சேரும். ஜாடியின் வாயில் வெள்ளைத் துணியால் வேடு கட்டிவிடுவோம். 21 நாள்கள் நாள்தோறும் மர அகப்பையால் கிளறவேண்டும். அந்தப் பொறுப்பு எங்களுள் இளையவனான தம்பிக்கு உரியது. ஒரு நாளும் அவன் அதை மறந்ததில்லை. பின்னர் வடிகட்டி, தெளிவதற்காக மேலும் 21 நாள்கள் வைத்திருப்போம்.

ஜாடிக்குள் நிகழ்வது எளிய வேதியியல்தான். ஈஸ்ட் சர்க்கரையை உண்டு, சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. இது உயிருள்ள நுண்ணுயிரின் வேலை என்பதை லூயி பாஸ்டர் 19ஆம் நூற்றாண்டில் நிறுவினார். பொங்கும் வேளையில் வாயை இறுக அடைத்தால் கலம் வெடிக்கும். வடித்தபின் காற்றுக்குத் திறந்துவைத்தால் இரசம் காடியாகிவிடும். அடைக்கவும் கூடாது, அசட்டையாகத் திறந்துவிடவும் கூடாது. பிள்ளை வளர்ப்பும் இப்படித்தான் என்பார் அம்மா.

இவ்வுழைப்பின் வரவு செலவை நாங்கள் ஒவ்வோர் ஆண்டும் கணக்கிட்டதுண்டு. பழம், சர்க்கரை, அடுப்பெரிக்கும் செலவு, கழுவித் துடைக்கும் அலுப்பு, கெட்டுப்போன ஓராண்டின் முழு இழப்பு ஆகியன செலவுப் பக்கம். வரவுப் பக்கமோ நீண்டது. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து பனியில் நடந்துவந்து, கேக் துண்டுடன் சிறு குவளையில் அருந்தும் அந்த இனிப்பு. அண்டை வீடுகளுக்குத் தட்டில் செல்லும் புட்டி. "இது உங்கள் பாட்டியின் பக்குவம்" என்று அம்மா சொல்லும்போது அவர் முகத்தில் தோன்றும் ஒளி. ஆண்டுதோறும் வரவே மிஞ்சியது. ஆனால் இரண்டு செலவுகளை நாங்கள் எழுதாமலே விட்டிருந்தோம்.

முதலாவது, சட்டம். 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் உரிமமின்றி மது தயாரிப்பதைக் குற்றமாக்குகிறது. விழாவுக்குத்தானே, வீட்டுக்குத்தானே என்பது எங்கள் சமாதானம். 2003ஆம் ஆண்டு முதல் அரசு நிறுவனமே மதுவைச் சில்லறையில் விற்று வரும் மாநிலத்தில், ஒரு ஜாடித் திராட்சையா பெரிய குற்றம் என்றும் வாதிட்டோம். வாதத்தில் வென்றோம், ஆனால் காவலர் வீட்டின் முன் நின்றால் ஜாடியை எங்கே மறைப்பது என்றும் யோசித்தோம். மறைக்கவேண்டிய ஒன்றைக் குடிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோமே என்ற உறுத்தல் அப்போது எங்களுக்கு எழவில்லை.

இரண்டாவது செலவு, எங்கள் தம்பி.

பீரில் சாராயச் சத்து பொதுவாக 5 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். நன்கு புளித்த திராட்சை இரசத்தில் அது 12 விழுக்காட்டையும் தாண்டக்கூடும். எங்கள் ஜாடியில் எவ்வளவு இருந்தது என்பதை யாரும் அளந்ததில்லை. 'வீட்டில் செய்தது, ஒன்றும் செய்யாது' என்ற சொல்லே எங்கள் அளவுகோல். அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் அவன் வளர்ந்தான். அவனுடைய நோய்க்கு எங்கள் ஜாடியே காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. நோய்க்குப் பல வேர்கள் இருக்கலாம். ஆனால் பணி முடிந்து நண்பர்களோடு தொடங்கிய பழக்கம் அவனை விழுங்கிக்கொண்டிருந்த ஆண்டுகளிலும், நவம்பர் வந்தால் நாங்கள் பரணேறி ஜாடியை இறக்கிக்கொண்டுதான் இருந்தோம்.

ஓராண்டு திருப்பலி முடிந்து வந்து, வழக்கம்போல் புட்டியைத் திறந்து குவளைகளில் ஊற்றினோம். நிறம் வெளிறியிருந்தது, சுவையில் வலுவில்லை. இரண்டாம் புட்டியும் அப்படியே. யாரோ சிறிது சிறிதாக எடுத்துக் குடித்துவிட்டு, அளவு குறையாதிருக்க நீர் ஊற்றி வைத்திருந்தார்கள். அந்த 'யாரோ' தலைகுனிந்து எங்கள் எதிரிலேயே அமர்ந்திருந்தான். கானாவூரில் நீர் திராட்சை இரசமானதைச் சிறு வயது முதல் கேட்டு வருகிறோம். எங்கள் வீட்டில் திராட்சை இரசம் நீராகியிருந்தது. அன்று எவரும் ஒன்றும் பேசவில்லை. அம்மா குவளைகளை எடுத்துச் சென்று மெல்லக் கழுவிவைத்தார்.

அவன் மறுவாழ்வு மையம் ஒன்றில் சேர்ந்து, சிகிச்சை முடித்து, அடுத்த அக்டோபரில் வீடு திரும்பினான். 'ஒரு மிடறும் வேண்டாம். கண்ணெதிரிலும் வேண்டாம்' என்று மருத்துவர் எங்களிடம் கூறியிருந்தார். ஆயினும் நவம்பர் நெருங்கியபோது எங்களுக்குள் விவாதம் எழுந்தது. பாட்டி காலத்து வழக்கத்தை எப்படி விடுவது? ஒருவனுக்காக வீடு முழுவதும் விழாவை இழப்பதா? ஜாடியை வேறு வீட்டில் வைத்து, அவனுக்குத் தெரியாமல் செய்யலாமே? இப்படியெல்லாம் நாங்கள், செபமாலை சொல்லும் அதே திண்ணையில் அமர்ந்து, கூச்சமின்றிப் பேசினோம்.

அந்நாள்களில் திருச்சபையின் ஏற்பாடு ஒன்றைப் பற்றிப் படித்தோம். திருப்பலிக்குரிய இரசம் திராட்சைக் கனியிலிருந்து இயற்கையாகப் பெறப்பட்டதாகவும் கெடாததாகவும் இருக்கவேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 924ஆம் எண். அதே திருச்சபையின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், சாராயச் சத்தை உட்கொள்ள இயலாத குருக்கள் தக்க அனுமதியுடன் 'முஸ்தும்' பயன்படுத்த 1995 ஜூனிலும், பின்னர் 2003 ஜூலையிலும் எழுதிய மடல்களில் வழிகாட்டியிருக்கிறது. முஸ்தும் என்பது புதிதாகப் பிழிந்த திராட்சைச் சாறு. அல்லது உறையவைத்தல் போன்ற முறையால், தன்மை மாறாமல் புளிப்பு நிறுத்தப்பட்ட சாறு. பலிபீடத்திலேயே நலிந்தவர் ஒருவருக்காக இப்படி இடம் ஒதுக்கப்பட்டிருக்கையில், எங்கள் உணவு மேசை அதைவிடப் புனிதமானதா? சகோதரன் இடறி விழுவான் எனில் இரசத்தையே விட்டுவிடுவது நன்று என்ற கருத்தைப் புனித பவுல் உரோமையருக்கு எழுதிய மடலின் 14ஆம் அதிகாரத்தில் நாம் எத்தனை முறை வாசிக்கக் கேட்டிருக்கிறோம்! கேட்டதுண்டு, எங்கள் ஜாடியோடு அதை ஒருமுறையும் இணைத்துப் பார்த்ததில்லை.

விவாதத்தை அம்மாதான் முடித்துவைத்தார். அவர் எந்த நூலையும் மேற்கோள் காட்டவில்லை. கல்லறைத் திருநாளுக்கு மறுநாள், "ஜாடியை இறக்குங்கப்பா. இந்த வருஷம் நார்த்தங்காய் போடுவோம்" என்றார். அவ்வளவுதான்.

இப்போது விழாவுக்கு முதல் நாள் மாலையில்தான் பன்னீர் திராட்சை வாங்குகிறோம். சிறிது நீர் விட்டு வேகவைத்து, மசித்து, வடிகட்டி, அளவாகச் சர்க்கரையும் ஒரு துண்டு பட்டையும் சேர்க்கிறோம். 42 நாள் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. முதலாண்டு வந்த உறவினர் ஒருவர் ஒரு வாய் அருந்திவிட்டு, "பழைய காரம் இல்லையே" என்றார். உண்மைதான், இல்லை. அந்த இழப்பை இழப்பாகவே ஒப்புக்கொள்கிறோம். மாதக்கணக்கில் காத்திருந்து பெறும் சுவை ஒன்று எங்கள் இல்லத்தை விட்டுப் போய்விட்டது. பாட்டியின் பக்குவம் எங்கள் பிள்ளைகளின் கைக்குப் போகாது.

ஆனால் பழைய வரவுப் பக்கத்தை மீண்டும் புரட்டிப் பார்க்கையில் வியப்பாயிருக்கிறது. நள்ளிரவுத் திருப்பலி, பனியில் நடை, கேக் துண்டு, அண்டை வீட்டுத் தட்டு, அம்மாவின் முகம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. சாராயச் சத்தின் பெயரில் நாங்கள் வரவு வைத்திருந்தவற்றுள் பெரும்பாலானவை அதற்குச் சொந்தமானவை அல்ல.

தம்பி முற்றிலும் மீண்டுவிட்டான் என்று எழுத எங்களுக்குத் துணிவில்லை. ஒவ்வொரு நாளாகக் கடக்கிறான். இடையில் ஒருமுறை தவறி, மீண்டும் எழுந்தான். கடந்த விழாவன்று குவளைகளில் சாற்றை ஊற்றி எல்லார்க்கும் கொடுத்தவன் அவனே. நார்த்தங்காய் ஜாடி அதே மூலையில், அதே வெள்ளைத் துணி வேடுடன் இருக்கிறது. உப்பு எங்கும் சேர, நாள்தோறும் அதைக் கிளறிவிட வேண்டும். அந்தப் பொறுப்பை அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். இதுவரை ஒரு நாளும் மறக்கவில்லை.