ஈற்றில் நின்ற ஓர் எழுத்து

பிரெஞ்சு மொழியின் நிபந்தனை வினையை யாம் எளிதென்றே எண்ணியிருந்தோம். பேசுதலைக் குறிக்கும் 'பார்லே', முடித்தலைக் குறிக்கும் 'ஃபினீர்' முதலிய ஒழுங்கு வினைகளை முழுமையாக நிறுத்தி, விற்றலைக் குறிக்கும் 'வாந்த்ர்' போன்றவற்றில் ஈற்று உயிரெழுத்தை மட்டும் நீக்கி, தொடர் இறந்தகால விகுதிகளைச் சேர்த்தால் போதும். ஆறு இடங்களுக்கும் அவ்விகுதிகள் எழுத்தில் ஐந்து, ஒலியில் மூன்றே. இவற்றை ஓரிரவில் மனனம் செய்தோம்.

சென்ற ஆண்டு பிரெஞ்சு வகுப்பின் கூட்டத்தில் பேச இசைவோர் எழுதித் தருக என ஆசிரியர் பணித்தார். 'பேசுவேன்' என உறுதி கூறக் கருதி, 'ஜெ பார்லரே' என்று எழுதினோம். ஈற்றில் 'எஸ்' என்னும் எழுத்தொன்று மிகுந்துவிட்டது. எதிர்காலத்தின் தன்மை ஒருமைக்கு அஃது இல்லை, நிபந்தனைக்கே உண்டு. செவிக்கோ இரண்டும் ஏறக்குறைய ஒன்றே.

ஆசிரியர் புன்னகைத்து, "எது நேர்ந்தால் பேசுவீர்?" என வினவினார். வகுப்பு நகைத்தது.

'நாளை பேசுவேன்', 'நேரமிருந்தால் பேசுவேன்' என்னும் இரண்டிற்கும் தமிழில் ஒரு வினைமுற்றே அமைதலின் இடறினோம் என்று எம்மைத் தேற்றிக்கொண்டோம். ஆயினும் உண்மை வேறு. அவைக்கு அஞ்சிய எம் நெஞ்சம் நிபந்தனையை முன்னரே வைத்திருந்தது. பிழை அதனை வெளிப்படுத்திற்று.

மாலையில் அவ்வெழுத்தை அடித்துத் தாளை மீண்டும் கொடுத்தோம். கூட்டத்தில் நாக் குழறிற்று, எனினும் பேசினோம். அன்றுமுதல் யார்க்கேனும் வாக்களிக்குமுன் அதன் ஈற்றெழுத்தை ஒருமுறை நோக்குகின்றோம்.